முதல் கேமிங் கணினிக்குப் பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்: மானிட்டர் முதல் எஸ்எம்பிஎஸ் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கேமிங் கணினி ஒன்றைச் சொந்தமாகப் பொருத்த விரும்பும் பலரும் பிராசஸரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வியும் "ஐ5 வேண்டுமா, ஐ7 வேண்டுமா" என்பதாகவே இருப்பதால், கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடுகிறது. மிஞ்சியதில் ஒரு கிராபிக்ஸ் கார்டு, அதிலும் மிஞ்சியதில் பெயர் தெரியாத ஓர் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்று பட்டியல் முடிந்துவிடுகிறது. அப்படிப் பொருத்திய கணினியில் விளையாட்டு திக்கித் திக்கி ஓடும்போது, குறை எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதுகூட வாங்கியவருக்குத் தெரிவதில்லை.

தேர்ந்தெடுக்கும் வரிசையை மாற்றினாலே இந்தச் சிக்கலில் பெரும்பகுதி எழாது. முதலில் திரையை முடிவு செய்ய வேண்டும். பிறகு அந்தத் திரைக்கு ஈடுகொடுக்கும் கிராபிக்ஸ் கார்டு, அந்தக் கார்டைக் காத்திருக்க வைக்காத பிராசஸர், அதற்கேற்ற மதர்போர்டும் ரேமும், இவை அனைத்துக்கும் மின்சாரமும் காற்றும் தரும் எஸ்எம்பிஎஸ், கேபினட் என்ற வரிசையில் செல்ல வேண்டும். எஸ்எம்பிஎஸ் வரிசையில் பின்னால் வந்தாலும், பணத்தைக் குறைக்கவே கூடாத பாகம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

படி 1: எந்த விளையாட்டு, எந்தத் திரை

1080பி என்று சொல்லப்படும் திரையில் 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 1440பி திரையில் இந்த எண்ணிக்கை 36.9 லட்சமாகவும், 4கே திரையில் 82.9 லட்சமாகவும் உயர்கிறது. ஒவ்வொரு காட்சிச் சட்டகத்திலும் இத்தனை புள்ளிகளையும் கிராபிக்ஸ் கார்டு வரைந்தாக வேண்டும் என்பதால், 1080பி-யிலிருந்து 4கே-வுக்குப் போகும்போது வரைய வேண்டிய புள்ளிகள் சரியாக நான்கு மடங்காகின்றன. திரையின் புதுப்பிப்பு வேகம், அதாவது ஒரு நொடியில் எத்தனை முறை காட்சி மாறுகிறது என்ற ஹெர்ட்ஸ் அளவு, இன்னொரு பக்கம் நெருக்குகிறது. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு சட்டகத்தை 16.7 மில்லி விநாடிக்குள் தயாரித்தால் போதும். 144 ஹெர்ட்ஸ் திரைக்கு அதே வேலையை 6.9 மில்லி விநாடிக்குள் முடிக்க வேண்டும்.

வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளையே பெரும்பாலும் ஆடுபவருக்குக் காட்சியின் அழகைவிட வேகம் முக்கியம். அவருக்கு 24 அங்குல 1080பி திரை 144 அல்லது 180 ஹெர்ட்ஸ் வேகத்தில் இருந்தால் போதும். அந்த வேகத்தைத் தாங்குவதில் பிராசஸரின் பங்கு பெரிது. சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கதை விளையாட்டுகளை விரும்புபவருக்கு 27 அங்குல 1440பி திரை நிறைவைத் தரும்; அங்கே சுமை முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழும். 27 அங்குலத்தில் 1080பி திரை வாங்குவதைத் தவிர்க்குமாறு சொல்வேன். ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 82 புள்ளிகள்தான் கிடைக்கும் என்பதால், மேசைக்கு அருகே உட்காரும்போது எழுத்துகளின் ஓரங்கள் பிசிறடிப்பது கண்ணுக்குத் தெரியும். அதே அளவில் 1440பி திரை 109 புள்ளிகளைத் தருகிறது.

முதல் கணினிக்கு 4கே திரையை இலக்காக வைப்பது பெரும்பாலும் தேவையற்ற செலவு. திரையைவிட அதை ஓட்டும் கார்டின் விலையே பல மடங்கு ஏறிவிடும்.

படி 2: பணத்தைப் பிரித்தல்

மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யூபிஎஸ், விண்டோஸ் உரிமம் ஆகியவற்றுக்கான தொகையை முதலில் தனியே எடுத்து வையுங்கள். கேபினட்டுக்குள் போகும் பாகங்களுக்கு மட்டும் மீதியைப் பிரிக்க வேண்டும். அந்த மீதியில் 35 முதல் 45 விழுக்காடு வரை கிராபிக்ஸ் கார்டுக்குச் செல்வது கேமிங் கணினிக்குப் பொருத்தமானது. பிராசஸருக்கு அந்தக் கார்டின் தொகையில் ஏறக்குறைய பாதி போதும். கடைகளில் வாய்மொழியாகச் சொல்லும் விலையில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் கணக்கு பெரிதாகத் தவறும்.

ரேம் விலையைப் பற்றித் தனியே ஒரு எச்சரிக்கை தேவை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025-இன் பிற்பாதியில் நினைவகச் சில்லுகளின் விலை மிகக் கடுமையாக உயர்ந்தது. அதற்கு முன்பு எழுதப்பட்ட பரிந்துரைப் பட்டியல்களில் ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் ஒதுக்கியுள்ள தொகையை அப்படியே நம்பக் கூடாது. பட்டியலைத் தயாரிக்கும் அன்றே அவற்றின் விலையைக் கேட்டுக்கொண்டு, மற்றவற்றை அதற்கேற்ப அமைப்பதே பாதுகாப்பானது.

படி 3: கிராபிக்ஸ் கார்டு

இங்கே முதலில் பார்க்க வேண்டியது கார்டிலுள்ள நினைவகத்தின் அளவு. விளையாட்டின் பரப்புப் படங்கள், நிழல்கள், ஒளிக் கணக்குகள் அனைத்தும் கார்டின் சொந்த நினைவகத்தில்தான் தங்குகின்றன. அது நிரம்பிவிட்டால், மிஞ்சியவை மதர்போர்டிலுள்ள ரேமுக்குத் தள்ளப்பட்டு, கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்படுகின்றன. அந்தப் பாதை கார்டின் சொந்த நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. சராசரி வேகம் நன்றாக இருப்பதாகக் காட்டும் விளையாட்டு, ஒரு திருப்பத்தில் திடீரென்று உறைந்து நின்று, சுவரின் படம் மங்கலாகத் தோன்றிப் பிறகு தெளிவது இதனால்தான்.

ஆகவே இன்று புதிதாக வாங்கும் கார்டில் 8 ஜிபி மட்டும் இருந்தால், அதைப் போட்டி விளையாட்டுகளுக்கும் 1080பி திரைக்கும் மட்டுமே ஏற்றதாகக் கருதுகிறேன். ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கப் போகும் கணினிக்கு 12 அல்லது 16 ஜிபி கார்டு நல்லது. 2025-இல் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகிய இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகைகளில் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. பெட்டியின் மூலையில் இருக்கும் அந்த ஒற்றை எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுத்துவிடக் கூடாது. 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி உள்ளது. விலைக்கு நல்ல மதிப்புத் தருவது. ஆனால் பழைய பிராசஸர்களுடன் சேரும்போது அதன் வேகம் குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது. கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பார் என்ற அமைப்பு மதர்போர்டில் இயங்கியாக வேண்டும் என்பதும் அதற்குக் கட்டாயம்.

பிசிஐஇ பாதையின் அகலத்தையும் கவனிக்க வேண்டும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 தடங்களையும், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 தடங்களையும் பயன்படுத்துகின்றன. புதிய மதர்போர்டில் இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய மதர்போர்டில் 8 தடக் கார்டைப் பொருத்தினால், குறிப்பாக 8 ஜிபி கார்டாக இருந்தால், மேற்சொன்ன திக்கல் இன்னும் மோசமாகும்.

என்விடியாவா, ஏஎம்டியா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஒளிப்பாதைக் கணக்கீடு (ரே டிரேசிங்) நிறைந்த விளையாட்டுகள், குறைந்த புள்ளிகளில் வரைந்த காட்சியைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் டிஎல்எஸ்எஸ் தொழில்நுட்பம், பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள்களில் வேலை ஆகியவை வேண்டும் என்பவருக்கு என்விடியா வசதியாக இருக்கும். கொடுக்கும் பணத்துக்கு அதிக நினைவகமும் நேரடி வேகமும் வேண்டும் என்பவர் ஏஎம்டியின் விலையைக் கட்டாயம் ஒப்பிட வேண்டும். ஒரே சில்லைக் கொண்ட கார்டை ஐந்தாறு நிறுவனங்கள் வெவ்வேறு விலைகளில் விற்கும். அவற்றுக்கிடையே வேக வேறுபாடு மிகக் குறைவு என்பதால், மூன்று ஃபேன்களும் வண்ண விளக்குகளும் கொண்ட விலையுயர்ந்த வடிவத்துக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையில் பல நேரங்களில் அடுத்த படிநிலைக் கார்டை நெருங்கிவிடலாம்.

பழைய கார்டு வாங்க நினைப்பவர்கள் ஜிடிஎக்ஸ் 1060, 1070, 1080 வரிசையை இப்போது தவிர்ப்பது நல்லது. அந்தத் தலைமுறைக்கு விளையாட்டுகளுக்கான டிரைவர் புதுப்பிப்புகளை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தருவதாக அறிவித்தது. 2025-இல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் போன்ற சில புதிய விளையாட்டுகள் ஒளிப்பாதைக் கணக்கீட்டு வசதி இல்லாத கார்டுகளில் இயங்குவதே இல்லை. பயன்படுத்திய கார்டை வாங்குவதென்றால் வாரண்டி மீதமுள்ள ஆர்டிஎக்ஸ் வகைக் கார்டைத் தேடுங்கள். விற்பவரின் கணினியிலேயே அரை மணி நேரம் ஒரு கனமான விளையாட்டை ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

படி 4: பிராசஸரும் மதர்போர்டும்

இவை இரண்டையும் ஒரே முடிவாகக் கருத வேண்டும். ஏனெனில் பிராசஸர் அமரும் இடமான சாக்கெட் மதர்போர்டைத் தீர்மானிக்கிறது. மதர்போர்டு ரேமின் வகையைத் தீர்மானிக்கிறது. நாளைக்கு எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

முதல் கணினிக்கு ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டை நான் பரிந்துரைக்கிறேன். 2022-இல் ரைசன் 7000 வரிசையோடு வந்த இந்தச் சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்குப் பின்னும் ஆதரிப்பதாக ஏஎம்டி கூறியுள்ளது. இதற்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இல் மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், ஆண்டுகள் கழித்து பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) மட்டும் புதுப்பித்துவிட்டு ரைசன் 5000 வரிசைப் பிராசஸரைப் பொருத்திக்கொண்டார்கள். அந்த வசதியின் மதிப்பு வாங்கும் அன்று தெரியாது. ஆறு கோர்களும் 12 திரெட்களும் கொண்ட ரைசன் 5 7600, பெட்டியிலேயே கூலருடன் வருகிறது. நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டு எதையும் அது காத்திருக்க வைக்காது. 7500எஃப் அதைவிட மலிவானது, ஆனால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. கிராபிக்ஸ் கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போகும் வாரங்களில் கணினியில் திரையே வராது என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இன்டெல் பிராசஸர்களில் பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதற்கும் இதே பொருள்தான்.

போட்டி விளையாட்டுகளில் மிக உயர்ந்த வேகம் தேவைப்படுபவருக்கு 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) கொண்ட ரைசன் 7 7800எக்ஸ்3டி சிறந்த தேர்வு. 7600-இல் இது 32 எம்பி மட்டுமே. எனினும் தொடக்கத்திலேயே அதை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இன்று 7600-ஐ வாங்கிவிட்டு, சில ஆண்டுகள் கழித்து அதே மதர்போர்டில் எக்ஸ்3டி வகைக்கு மாறும் வழி திறந்திருப்பதுதான் ஏஎம்5-ஐ நான் முன்வைப்பதற்கான முதற்காரணம்.

இன்டெல் பக்கம் கோர் ஐ5-12400எஃப் குறைந்த செலவில் இன்றும் நல்ல பிராசஸர். ஆனால் அதன் எல்ஜிஏ1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. மேலே செல்லும் வழி குறுகியது. 13, 14-ஆம் தலைமுறையின் உயர் வகைப் பிராசஸர்களில் மின்னழுத்தக் கோளாறால் நிலையின்மை ஏற்பட்டதும், 2024 ஆகஸ்டு முதல் இன்டெல் மைக்ரோகோடு (பிராசஸருக்குள் இயங்கும் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்களை வெளியிட்டு வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்ததும் பரவலாக அறியப்பட்டவை. அந்த வரிசையில் பயன்படுத்திய பிராசஸரை வாங்குவதைத் தவிர்க்கவும்.

வீட்டில் ஏற்கெனவே முந்தைய தலைமுறையான டிடிஆர்4 ரேம் இருந்தால் கணக்கு மாறும். ரேம் விலை ஏறியிருக்கும் காலத்தில், பழைய கணினியிலிருந்து எடுத்த இரண்டு டிடிஆர்4 ரேம்களோடு ஏஎம்4 சாக்கெட்டுக்கான ரைசன் 5 5600-ஐயும் ஒரு பி550 மதர்போர்டையும் சேர்ப்பது அறிவார்ந்த சிக்கனம். இங்கே 5600-க்கும் 5600ஜி-க்கும் உள்ள வேறுபாட்டைத் தவறவிடக் கூடாது. ஜி வகையில் உள்ளமைந்த கிராபிக்ஸ் உண்டு. ஆனால் எல்3 கேஷ் பாதியாகக் குறைவதோடு பிசிஐஇ-யும் 3.0 மட்டுமே. தனிக் கிராபிக்ஸ் கார்டு பொருத்தப் போகும் கணினிக்கு 5600-தான் பொருத்தமானது.

மதர்போர்டைப் பொறுத்தவரை, ஏஎம்5-இல் பி650 அல்லது பி850 சிப்செட் கொண்ட மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு பெரும்பாலோருக்குப் போதும். விஆர்எம் என்ற மின்சாரப் பகுதியின் மேல் உலோக ஹீட்சிங்க் இருக்கிறதா, எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடங்கள் குறைந்தது இரண்டு இருக்கின்றனவா, வைஃபை உள்ளமைந்திருக்கிறதா, பிராசஸர் இல்லாமலேயே பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் இருக்கிறதா ஆகியவற்றைப் பாருங்கள். பழைய இருப்பிலுள்ள பி650 போர்டில் ரைசன் 9000 பிராசஸரைப் பொருத்தினால் பயாஸ் புதுப்பிப்பு தேவைப்படலாம் என்பதால் அந்தப் பொத்தான் பெரிய தலைவலியைத் தவிர்க்கும்.

படி 5: ரேமும் எஸ்எஸ்டியும்

ரேமை எப்போதும் இரண்டாக, ஒரே பெட்டியில் வரும் இணையாக வாங்க வேண்டும். ரேமையும் பிராசஸரையும் இணைக்கும் இரண்டு தடங்களும் ஒரே நேரத்தில் இயங்கும்போதுதான் பிராசஸருக்கு முழு அகலத்தில் தரவு கிடைக்கும். ஒற்றை 16 ஜிபி ரேமைவிட இரண்டு 8 ஜிபி ரேம்கள் விளையாட்டுகளில் வேகமானவை. 32 ஜிபி, அதாவது இரண்டு 16 ஜிபி, இன்றைய நிறைவான அளவு. பணம் இடம் கொடுக்காவிட்டால் 16 ஜிபியில் தொடங்கலாம். பின்னர் மேலும் இரண்டு ரேம்களைச் சேர்த்து நான்காக்கிக்கொள்ளலாம் என்று டிடிஆர்5-இல் எண்ணுவது சரிவராது. ஏஎம்5-இல் நான்கு ரேம்கள் இருக்கும்போது அவை இயங்கும் வேகம் கணிசமாகக் குறையும். அப்போது பழைய இணையை விற்றுவிட்டுப் புதிய இணையை வாங்குவதே முறை.

ரைசன் 7000 வரிசைக்கு டிடிஆர்5-6000 (வேகம்), சிஎல்30 (தாமத அளவு) என்று குறிக்கப்பட்ட ரேம் மிகப் பொருத்தமானது. அதைவிட வேகமானவற்றுக்குக் கொடுக்கும் பணம் விளையாட்டில் திரும்பி வருவதில்லை. டிடிஆர்4 ரேமும் டிடிஆர்5 ரேமும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் இருக்கும்.

எஸ்எஸ்டியில் 1 டிபி என்பதைக் குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள். பால்டர்ஸ் கேட் 3 என்ற ஒரே விளையாட்டுக்கு 150 ஜிபி இடம் கேட்கப்படுகிறது. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வேகத்திலும், பிசிஐஇ 4.0 என்விஎம்இ எஸ்எஸ்டி 7000 எம்பி வரையிலும் வாசிக்கும். ஆயினும் விளையாட்டு திறக்கும் நேரத்தில் பிசிஐஇ 3.0-க்கும் 4.0-க்கும் இடையே பெரிய வேறுபாட்டை உணர மாட்டீர்கள். டிஎல்சி வகை நினைவகமும் ஐந்து ஆண்டு வாரண்டியும் உள்ள ஒரு நடுத்தர எஸ்எஸ்டி போதுமானது.

படி 6: எஸ்எம்பிஎஸ்

முதலில் தேவையைக் கணக்கிடுவோம். ரைசன் 5 7600 அதிகபட்சம் 88 வாட்டும், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180 வாட்டும் எடுக்கும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் ஆகியவற்றுக்கு 50 முதல் 60 வாட் வரை சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 320 வாட் வருகிறது. கிராபிக்ஸ் கார்டு மில்லி விநாடிகளில் குறிப்பிட்ட அளவைத் தாண்டித் தாவும் என்பதால் நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் பாதுகாப்பானது; நாளைக்குப் பெரிய கார்டுக்கு மாற நினைப்பவர் 650 அல்லது 750 வாட் வாங்கலாம்.

பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்ட வாட் எண்ணை மட்டும் வைத்து எஸ்எம்பிஎஸ் வாங்குவதுதான் ஆபத்து. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். அதில் +12 வோல்ட் என்ற நெடுவரிசைக்குக் கீழே ஆம்பியர் எண் இருக்கும். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போகும் மின்சாரம் முழுவதும் இந்த 12 வோல்ட் வழியாகத்தான் செல்கிறது. நேர்மையான 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அங்கே 54 ஆம்பியர் என்பது போன்ற எண் இருக்கும். 12-ஆல் பெருக்கினால் 648 வாட். வேறொன்றில் முகப்பில் 500 வாட் என்று எழுதியிருந்து, அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 25 ஆம்பியர் மட்டும் காட்டினால், கேமிங் கணினிக்கு அது 300 வாட் எஸ்எம்பிஎஸ்தான். மலிவான கேபினட்டுகளோடு சேர்த்துத் தரப்படும் எஸ்எம்பிஎஸ்களில் இந்த அட்டவணையைப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும். தரமற்ற எஸ்எம்பிஎஸ் செயலிழக்கும்போது தான் மட்டும் போவதில்லை. மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடியது.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களின் தரத்தையோ, மின்னோட்டம் மிகுந்தால் தானாக அணையும் பாதுகாப்புகளையோ அவை உறுதி செய்வதில்லை. இரண்டுக்கும் இடையே சுமார் 20 வாட் மிச்சமாகும் என்று வைத்துக்கொண்டு நாளுக்கு 4 மணி நேரம் விளையாடினாலும், ஆண்டுக்கு ஏறத்தாழ 29 யூனிட் மின்சாரம்தான் மிச்சமாகும். எனவே முத்திரையைவிட, நிறுவனம் எத்தனை ஆண்டு வாரண்டி தருகிறது என்பதைப் பாருங்கள். ஐந்து முதல் பத்து ஆண்டு வரை வாரண்டி தரும் மாடலையே தேர்ந்தெடுக்கவும். ஒரு நிறுவனத்தின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளை இன்னொரு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒருபோதும் செருக வேண்டாம். முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கும். இயக்கிய நொடியிலேயே பாகங்கள் எரிந்துபோகலாம்.

யூபிஎஸ் வாங்கும்போது விஏ என்ற எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மேலே கணக்கிட்ட கணினியும் மானிட்டரும் சேர்ந்தால் அந்த எல்லையைத் தொட்டுவிடும்; விளையாட்டின் நடுவே மின்சாரம் போனால் யூபிஎஸ்ஸும் உடனே அணைந்துவிடும். 1000 விஏ, 600 வாட் அளவிலானதை வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை ஓட்டுபவர்கள் அதிலுள்ள யூபிஎஸ் நிலையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். சாதாரண நிலையில் மாறுவதற்கு எடுக்கும் நேரம் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கும் நேரத்தைவிட அதிகம். செருகும் பிளக்கில் எர்த்திங் சரியாக உள்ளதா என்பதை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

படி 7: கேபினட்டும் குளிர்விப்பும்

இணையத்தில் காணும் பரிசோதனைகள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி வெப்பமுள்ள அறைகளில் நடத்தப்படுகின்றன. மே மாதத்தில் சென்னையிலோ மதுரையிலோ ஏசி இல்லாத அறை 35 டிகிரியைத் தாண்டும். அறை வெப்பம் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி சில்லின் வெப்பமும் ஏறும். ஆகவே அந்தப் பரிசோதனையில் 75 டிகிரி காட்டிய பாகம் நம் அறையில் 85 டிகிரிக்கு மேல் காட்டுவது இயல்பு. இதை மனத்தில் வைத்து, முன்பக்கம் முழுவதும் வலையாக உள்ள கேபினட்டையே தேர்ந்தெடுங்கள். முன்பக்கம் கண்ணாடியால் மூடப்பட்டவை பார்வைக்கு அழகாக இருந்தாலும் காற்றை அடைத்துவிடுகின்றன. முன்னால் இரண்டு ஃபேன்கள் காற்றை உள்ளே இழுக்கவும், பின்னால் ஒன்று வெளியேற்றவும் இருந்தால் நடுத்தரக் கணினிக்குப் போதும். தூசி வடிகட்டி கழற்றிக் கழுவும்படி இருப்பது நம் ஊருக்குக் கட்டாயம்.

7600-உடன் வரும் கூலர் போதுமானதே என்றாலும், கோடைக்கும் அமைதிக்கும் நான்கு வெப்பக் குழாய்கள் கொண்ட ஒரு டவர் கூலரைச் சேர்ப்பது சிறிய செலவில் பெரிய பயன் தரும். நீர்க் குளிர்விப்பு இந்த அளவுக் கணினிக்குத் தேவையில்லை. கேபினட்டின் விவரத் தாளில் கூலரின் உயரத்துக்கும் கிராபிக்ஸ் கார்டின் நீளத்துக்கும் உள்ள எல்லைகளைப் படித்து, வாங்கப் போகும் பாகங்களின் அளவுகளோடு மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிடுங்கள்.

படி 8: விலைப்பட்டியலும் வாங்குதலும்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும், விலைப்பட்டியலை முழு மாடல் பெயர்களோடு எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். "பி650 போர்டு, 16 ஜிபி டிடிஆர்5, 1 டிபி என்விஎம்இ, 650 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று மட்டும் எழுதிய பட்டியல் எதையும் சொல்வதில்லை. அந்தப் 16 ஜிபி ஒற்றை ரேமா, இணையா? வேகம் 4800-ஆ, 6000-ஆ? எஸ்எம்பிஎஸ் எந்த நிறுவனத்தின் எந்த மாடல்? இரண்டு கடைகளின் பட்டியல்களுக்கிடையே சில ஆயிரம் ரூபாய் வேறுபாடு இருந்தால், அது பெரும்பாலும் இந்த எழுதப்படாத இடங்களில்தான் ஒளிந்திருக்கும். அதே பட்டியலை இணையக் கடைகளின் விலையோடு ஒரு முறை ஒப்பிட்டுவிட்டுப் பேரம் பேசுவது நல்லது.

பிராசஸர் பெட்டியுடன் வருகிறதா, டிரே வகையா என்று கேளுங்கள். டிரே வகையில் கூலர் இருக்காது. வாரண்டியும் பெரும்பாலும் கடைக்காரரின் பொறுப்பிலேயே இருக்கும். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதப்பட்டு, பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பில் இல்லாமல் விலையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னால் ஏற்காதீர்கள்; வாரண்டி கோரும் நாளில் அந்தத் தாள்தான் பேசும்.

ஏஎம்5 மதர்போர்டை வாங்கும்போது கடையிலேயே சாக்கெட்டைப் பார்த்துவிடுங்கள். இதில் பின்கள் பிராசஸரில் இல்லை, போர்டில் உள்ளன. பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டு, போர்டை வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால், நேர்த்தியாக இருக்கும் பின் வரிசைகள் ஒரே சீராக மின்னும். ஏதேனும் ஒரு பின் வளைந்திருந்தால் அந்த இடம் மட்டும் வேறு கோணத்தில் பளிச்சிடும். வளைந்த பின்னுக்கு வாரண்டி மறுக்கப்படுவது வழக்கம் என்பதால், வீட்டுக்கு வந்தபின் பார்த்துப் பயனில்லை. அந்த மூடியைப் பத்திரப்படுத்துங்கள். போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அது இருந்தாக வேண்டும்.

பாகங்களை மாதத்துக்கு ஒன்றாக வாங்கிச் சேர்ப்பதைத் தவிர்க்கவும். எஸ்எஸ்டியோ மதர்போர்டோ பழுதானது என்பது எல்லாவற்றையும் பொருத்திய பிறகே தெரியும். அதற்குள் மாற்றித் தரும் காலம் கடந்திருக்கும்.

படி 9: முதல் இயக்கத்தில் சரிபார்க்க வேண்டியவை

நான்கு ரேம் இடங்கள் உள்ள போர்டில் ரேம்களைப் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் பொருத்த வேண்டும். முனைகள் "டக்" என்று பூட்டும் வரை அழுத்தவும். கூலரின் அடியிலுள்ள பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும். ஏஎம்5 கணினியை முதன்முறை இயக்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளும் வேலை நடப்பதால், சில நிமிடங்கள் வரை திரை கறுப்பாகவே இருக்கலாம். அந்த நேரத்தில் பயந்து மின்சாரத்தை நிறுத்தாமல் காத்திருங்கள்.

மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டின் பின்புறத்தில் செருக வேண்டும். மதர்போர்டில் செருகினால் 7600-இன் சிறிய உள்ளமைந்த கிராபிக்ஸில் விளையாட்டு ஓடக்கூடும். வாங்கிய கார்டு சும்மா இருக்கலாம். பயாஸில் எக்ஸ்போ அமைப்பை இயக்கினால்தான் 6000 என்று வாங்கிய ரேம் அந்த வேகத்தில் இயங்கும். இல்லாவிட்டால் 4800 அளவில் நின்றுவிடும். ரீசைசபிள் பார் அமைப்பும், டிபிஎம், செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு வசதிகளும் இயங்குகின்றனவா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் விண்டோஸ் 11-தான் நிறுவ வேண்டும். அதில் வாலரண்ட் போன்ற விளையாட்டுகள் டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் இல்லாமல் திறக்காது.

விண்டோஸின் திரை அமைப்புகளுக்குச் சென்று புதுப்பிப்பு வேகத்தை 60-இலிருந்து மானிட்டரின் முழு வேகத்துக்கு மாற்றுங்கள்; இது பெரும்பாலும் தானாக மாறுவதில்லை என்பதால் பலர் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாதக்கணக்கில் 60-இல் பயன்படுத்துகிறார்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த கனமான விளையாட்டை ஒரு மணி நேரம் ஓட்டி, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரைசன் 5 7600-இன் வெப்ப எல்லை 95 டிகிரி; விளையாட்டின்போதே அதைத் தொட்டால் கூலர் சரியாக அமரவில்லை என்றோ காற்று போதவில்லை என்றோ பொருள். இந்தச் சோதனைகளை மாற்றித் தரும் காலத்துக்குள் முடித்துவிட்டு, பெட்டிகளையும் பில்லையும் வாரண்டி முடியும் வரை ஈரம் படாத இடத்தில் வைத்திருங்கள்.